கருவாட்டில் ஒட்டாத பஞ்சு

விஷம் கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் தேநீரை முன்னால் வைத்துக் குடிக்கச் சொன்னால், வேறு எவனும் எழுந்து ஓடியிருப்பான். றொபி குவளையைத் தூக்கி மணந்து பார்த்தான். இஞ்சி, ஏலக்காய், பனங்கட்டி. சாகத்தான் வேண்டுமென்றால் இதைவிட மணமான வழி கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு ஒரு மிடறு இழுத்தான்.

“எப்படி?” என்று கேட்டார் அக்கீலா.

“இன்னொரு கப் குடிச்சாத்தான் சரியாச் சொல்லலாம், மிஸ்.”

அக்கீலா சிரிக்கவில்லை. அவர் சிரிப்பது அபூர்வம். பேசுவது அதைவிட அபூர்வம். முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக, ஆட்கள் சொல்லும் விபத்துக் கதைகள் மெய்யா பொய்யா என்று பார்த்துத் திரிந்தவர். பொய் சொல்கிறவனுக்கு எதிரே உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அவன் தன் பொய்யைத் தானே திருத்தத் தொடங்குவான். இப்போது புத்தளத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அறை எடுத்து, சொந்தமாகத் துப்பறிகிறார். றொபியின் ஓட்டோதான் அந்த நிறுவனத்தின் ஒரே வாகனம். றொபிதான் ஒரே உத்தியோகத்தன். பேச்சுப் பகுதி முழுவதையும் மிஸ் தன் பொறுப்பில் விட்டிருக்கிறார் என்பது அவனுடைய நம்பிக்கை.

அவர்கள் இருந்தது கண்டக்குழிக் கடற்கரையோரம், ஹாஜி மஹ்ரூபின் பருத்தி ஆலைத் தேநீரறையில். கப்பலில் வரும் பஞ்சுப் பொதிகளை ஒரு முனையில் உடைத்து, சிக்கெடுத்து, நூலாக்கி, மறுமுனையில் இடுப்பில் உடுத்தும் கட்டம் போட்ட சாரங்களாக வெளியே அனுப்பும் ஆலை. வேலை செய்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள். சில மாதங்களாக அங்கே ஒரு வினோதம் நடந்துவந்தது. சனிக்கிழமைகளில், முற்பகல் தேநீர் குடித்துச் சற்று நேரம் போனதும், பெண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மூச்சு இறுகியது, இருமல் பிடித்தது, சிலருக்குக் காய்ச்சல் காய்ந்தது. ஞாயிறு கொஞ்சம் இலேசாகும். புதன், வியாழனில் ஒன்றுமே நடக்காததுபோல் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்வார்கள். வெள்ளி விடுமுறை. சனிக்கிழமை மறுபடியும் அதே கூத்து.

ஆலையில் சனிக்கிழமைகளில் மட்டும்தான் இஞ்சித் தேநீர். மற்ற நாட்களில் வெறுந்தேநீர். ஆகவே எல்லாக் கண்களும் தேநீர் ஊற்றும் தாஹிரின் மேல் திரும்பியிருந்தன.

தாஹிர் அடுப்படியில் நின்று கேத்தலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கேத்தலையே மறுபடி துடைத்தார். தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கிய பையன். வளர்ந்து, பல கடைகளில் தேநீர் ஆற்றி, வாடைக்காற்று தொடங்கிய நாட்களில்தான் இந்த ஆலைக்கு வந்து சேர்ந்திருந்தார். பெண்களுக்கு நோய் தொடங்கியதும் அதே நாட்களில்தான். இதைச் சுட்டிக்காட்டியவர் மேற்பார்வையாளர் ஃபைஸல். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத முகம், இருப்பது பஞ்சு புகாத கண்ணாடி அறைக்குள். தாஹிர் தான் ஊற்றும் சனிக்கிழமைத் தேநீரைத் தான் ஒருநாளும் குடித்ததில்லை என்பதையும் அவரே கவனித்துச் சொல்லியிருந்தார். சீனி வருத்தம் இருப்பதால் பனங்கட்டி ஆகாது என்பது தாஹிரின் பதில். அதை ஃபைஸல் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹாஜியார் கெட்டவர் அல்ல. நரைத்த தாடியோடு அக்கீலாவின் அறைக்குப் படியேறி வந்தவரே அவர்தான். ஆனால் பெண்களின் வீட்டுக்காரர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். சனிக்கிழமையான இன்று, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் தாஹிரைப் பொலிசில் ஒப்படைப்பதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குள் வேறு ஆளைக் காட்டினால் சரி, இல்லையென்றால் தாஹிர்தான்.

“பொலிசுக்குப் போறது பெரிசில்ல, மிஸ்,” என்றார் தாஹிர், கேத்தலைப் பார்த்தபடியே. “திரும்பி வந்தாலும் இந்தக் கரையில ஒருத்தரும் என்ட கையால தேத்தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது.”

றொபி தன் வெறுங்குவளையை அவரிடம் நீட்டினான்.

“நான் குடிக்கிறன்தானே, தாஹிர் நானா. ஊத்துங்க. பொம்பிளையளுக்கு ஊத்துற அதே கேத்தலால ஊத்துங்க.”

மூன்றாவது குவளையும் இறங்கியது. ஃபைஸல் தள்ளி நின்று, றொபி எந்தப் பக்கம் சாய்வான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். றொபி எந்தப் பக்கமும் சாயவில்லை. அவனுக்குப் பசி எடுத்தது, அவ்வளவுதான்.

ஆனால் உள்ளே இருமல் தொடங்கிவிட்டது.

முதலில் ஒருத்தி, பிறகு அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருவராக முற்றத்து வேம்பின் கீழ் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்தவள் ரபியா. பொதி உடைக்கும் அறையில் எல்லோரிலும் பழையவள் அவள்தான். உட்காரும் முன்பே அவள் கண் றொபியின் ஓட்டோவில் விழுந்தது.

“தம்பி... உங்கட ஓட்டோ...” ஒரு இருமல். “சாயம் போட்ட நூல்... காயிற இடத்தில...”

அதற்குமேல் மூச்சு இல்லை. மீதி ஏச்சைக் கையால் காட்டி முடித்தாள். றொபி ஓடிப்போய் ஓட்டோவைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்தான். அவனை ஏசாத பெண் அந்தக் கரையில் குறைவு. ஆனால் ஏசத் தொடங்கி, பாதியில் மூச்சு முடிந்துபோன ஒருத்தியை இன்றுதான் பார்க்கிறான். அது மனத்தில் எங்கோ குத்தியது.

அக்கீலா அவனை அந்தப் பக்கம் போய்க் காற்று வாங்கச் சொன்னார். ரபியாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். றொபி தூரத்திலிருந்து பார்த்தான். வெகுநேரம் இரண்டு பேரும் பேசவேயில்லை. பிறகு ரபியா தலையைக் குனிந்து ஏதோ சொன்னாள். அக்கீலா தலையாட்டினார். எழுந்து வந்தபோது அவர் நடையில் ஒரு அவசரம் இருந்தது.

“ரபியா இண்டைக்குத் தேத்தண்ணி குடிக்கல்ல,” என்றார். “போன சனியும் குடிக்கல்ல. வாயில தண்ணியே படல்ல.”

“நோன்பா? பெருநாள் முடிஞ்சு இவ்வளவு நாளாகி...” என்று தொடங்கிய றொபி சட்டென்று நிறுத்தினான். கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை என்றாலும் முஸ்லிம் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவன். றமழானில் பெண்களுக்குச் சில நாள் நோன்பு விடுபடும். பிறகு ஒரு நாளில் ஓசைப்படாமல் பிடித்துத் தீர்ப்பார்கள். ஏன் விடுபட்டது என்று ஆண்கள் கேட்பதில்லை. ஆண்களிடம் சொல்வதுமில்லை. தேநீர் வந்தால் வாங்கி, யாரும் பார்க்காதபோது பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிடுவார்கள்.

அவன் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக வாயை மூடியது அதுவே முதல் தடவை.

“அவளைப் போல இன்னும் சிலர். ஹாஜியாருக்குச் சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திருக்கிறன்,” என்றார் அக்கீலா.

“அப்ப தாஹிர் நானா சுத்தம் எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனா ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது.”

“ஓம்.”

“நல்லாயிருக்கு மிஸ். சம்பளம் தராத தொழிலிலயே இதுதான் நல்ல தொழில்.”

சொல்லக்கூடிய சாட்சி ஒன்று வேண்டும். இருவரும் உள்ளே போனார்கள். சிக்கெடுக்கும் இயந்திரத்தடியில் றொபியின் பெரியம்மா மகள் அஜித்தா நின்றிருந்தாள். தலை, புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளைப் பஞ்சுப் பூ. அண்ணனைக் கண்டதும் சிரித்தாள். மூச்சு நன்றாகவே வந்தது. சுற்றி இத்தனை பேர் இருமும்போது உனக்கு மட்டும் ஒன்றுமில்லையா என்று அவன் விசாரித்தான்.

“எனக்குச் சனிக்கிழமையில ஒண்டும் செய்யாது அண்ணா,” என்றாள் அவள், அது ஒரு விசேஷமில்லை என்பதுபோல. “எனக்குத் திங்கள்தான்.”

விஷயம் இப்படி. ஆலையில் கத்தோலிக்கப் பெண்கள் ஏழெட்டுப் பேர்தான். முஸ்லிம் பெண்களுக்கு வெள்ளி விடுமுறை என்றால் இவர்களுக்கு ஞாயிறு விடுமுறை. வெள்ளிக்கிழமைகளில் வெறிச்சோடிய ஆலைக்கு வந்து இயந்திரங்களைக் கூட்டித் துடைத்துப் பஞ்சுக் குப்பையை அள்ளுவார்கள். திங்கட்கிழமை வந்தால் இவர்களுக்கு நெஞ்சு பிடிக்கும். சனிக்கிழமை இருமுகிறவர்கள் திங்கட்கிழமை இவர்களைப் பார்த்துச் சிரிப்பார்களாம். நேற்றுப் பூசை முடிய இரால் கறி அதிகமாகிவிட்டது, கூத்தும் கும்மாளமும் கூடிவிட்டது என்று. இவர்களும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு விட்டுவிடுவார்களாம்.

றொபி அக்கீலாவின் காதருகே குனிந்தான்.

“மிஸ், உலகத்திலேயே முதல்தரம், சமயம் பாத்து வேலை செய்யிற விஷம் ஒண்டு பிடிபட்டிருக்கு. சனிக்கிழமை முஸ்லிம் ஆக்களுக்கு, திங்கட்கிழமை எங்கட ஆக்களுக்கு.”

அக்கீலா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார். இது அவருடைய நீளமான அமைதிகளில் ஒன்று என்பது றொபிக்கு விளங்கியது. இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கூரை ஓட்டையால் விழுந்த வெயில் தூணுக்குள் தூசி மெதுவாகச் சுற்றியது. இறங்குகிறதா ஏறுகிறதா என்று சொல்ல முடியவில்லை. அந்தத் தூணையே அக்கீலா பார்த்துக்கொண்டிருந்தார். றொபி இடையில் இரண்டு தரம் கொட்டாவி விட்டான்.

“ஆறுதல் எடுத்த மறுநாள்,” என்றார் கடைசியில்.

“என்ன மிஸ்?”

“சனியுமில்ல, திங்களுமில்ல. ரெண்டு கூட்டத்துக்கும், லீவு எடுத்திட்டு வந்த முதல் நாள்.”

உடனே வெளியே போய், தெரிந்த நெஞ்சுநோய் வைத்தியர் ஒருவருக்குப் போன் எடுத்தார். காப்புறுதிக் காலத்துப் பழக்கம். வைத்தியர் பாதிக் கதையிலேயே மீதியைத் தானே சொல்லிவிட்டார். பருத்தி ஆலைகளில் இது பழைய நோய். கிழமையைக் கேட்டே அடையாளம் கண்டுவிடலாம். பஞ்சுத் தூசியில் நாள்தோறும் நின்றால் நெஞ்சு அதற்கு மரத்துப் போய்விடும். ஒருநாள் ஓய்வெடுத்தால் மரப்பு விட்டுப்போகும். திரும்பி வந்த முதல் நாள் அந்தத் தூசி புதுசாகப் பிடிக்கும். ஞாயிறு லீவு விடும் ஊர்களில் அது திங்கட்கிழமை நோய். வெள்ளி லீவு விடும் ஆலையில் சனிக்கிழமை நோய். தூசியைக் குறைத்தால் அநேகர் தேறுவார்கள். குறைக்காமல் விட்டால் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது.

“விட்டா,” என்று அக்கீலா வைத்தியரின் கடைசி வார்த்தையை றொபிக்குச் சொன்னார், “பிறகு அவங்களுக்கு எல்லா நாளும் சனிக்கிழமையாப் போயிடுமாம்.”

றொபி திரும்பி, அஜித்தா நின்ற பக்கமாகப் பார்த்தான்.

வழக்கு முடிந்தது என்றுதான் அவன் நினைத்தான். ஃபைஸல் முடியவிடவில்லை. வைத்தியர் சொன்னதைக் கேட்டுவிட்டு, மரியாதையாகவே ஒரு கேள்வி கேட்டார். ஆலை தொடங்கிய காலத்திலிருந்து இங்கே பஞ்சுதான்; அப்போதெல்லாம் வராத நோய் இந்தப் பருவத்தில் மட்டும் ஏன் வந்தது? தூசியை இழுத்து வெளியே தள்ளவென்று பின்சுவரில் பெரிய காற்றாடி இருக்கிறது. அதை ஒவ்வொரு காலையும் தானே போடுவதாகச் சொல்லி, கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். உண்மைதான். சுவரின் உச்சியில், தகரக் கூண்டுக்குள் காற்றாடி இரைந்துகொண்டிருந்தது.

“காத்தாடி புதுசில்ல, பஞ்சு புதுசில்ல. இந்தப் பருவத்தில இங்க புதுசா வந்தது தாஹிர் மட்டும்தான்,” என்றார் ஃபைஸல்.

மறுக்க முடியாத கேள்வி. ஹாஜியார் அறைக் கதவு நிலையில் வந்து நின்று, வெயில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்தார். தாஹிர் தன் இரண்டாவது சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கீலா காற்றாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

யோசிப்பது மிஸ்ஸின் வேலை. பசிப்பது தன் வேலை என்று றொபி வெளியே நழுவினான். ஆலையின் பின்மதிலுக்கு அப்பால், கடலைப் பார்த்தபடி றோசமேரி அக்காவின் கருவாட்டு வாடி. சூடையும் சீலாவும் கட்டாவும் பந்தல்களில் வரிசையாகக் காய்ந்தன. றோசமேரி அவனைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவள். கேட்காமலே ஒரு துண்டைச் சுட்டுக் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொன்னாள்.

“பாத்தியா, கண்ணாடி மாதிரி. போன வருசம் உனக்கு ஞாபகமிருக்கும், கருவாட்டுக்குத் தாடி முளைச்சிருந்தது. யாவாரியள் கையில எடுக்கவே இல்ல.”

மில்லின் பஞ்சுதான் காரணம் என்றாள். வாடைக்காற்று வீசினால் அது நேரே பந்தலில் வந்து படியுமாம். மதிலுக்கு மேலால் எவ்வளவோ கத்தியும் பயன் இல்லை. இந்த முறை பருவம் தொடங்கியபோது ஒரு வெள்ளிக்கிழமை வாடியைச் சாத்திவிட்டுத் தலவில தேவாலயத்துக்குப் போய், புனித அன்னம்மாளுக்கு மெழுகுதிரி ஏற்றி அழுதிருக்கிறாள். மறுநாளிலிருந்து ஒரு பூ விழவில்லை.

றொபி இந்தப் புதுமையை மென்றுகொண்டே திரும்பி வந்தான். மிஸ்ஸை ஒருமுறையாவது சிரிக்க வைக்கலாம் என்று தாடி முளைத்த கருவாட்டின் கதையை அப்படியே சொல்லிக்காட்டினான்.

அக்கீலா சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்த மிச்சத் துண்டை வாங்கி, வெயிலுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கருவாட்டில ஒண்டுமில்ல,” என்றான் றொபி.

“அதுதான் பாக்கிறன். போன வருசம் இதில ஒட்டின பஞ்சு, இந்த வருசம் எங்க போய் ஒட்டுது?”

றொபி மென்றதை விழுங்க மறந்து நின்றான்.

இருவரும் மதிலைச் சுற்றி வாடிப் பக்கமாக ஓடினார்கள். ஓடியது றொபி, அக்கீலா நடந்தார், ஆனால் அவர்தான் முதலில் பார்த்தார். சுவரின் உச்சியில், காற்றாடியின் வாய் இருக்கவேண்டிய இடத்தில், பழைய படகுப் பலகை ஒன்று நெருக்கமாக ஆணி அடித்து மூடியிருந்தது. உள்ளே காற்றாடி ஒழுங்காகச் சுற்றியது. தூசியை ஒழுங்காக இழுத்தது. இழுத்த தூசி பலகையில் முட்டி, வந்த வழியே திரும்பி, பெண்களின் மூக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. சத்தம் கேட்டதால் எல்லாம் சரியென்று உள்ளே இருந்தவர்கள் நம்பினார்கள். பஞ்சு வராததால் அற்புதம் என்று, அண்ணாந்து பார்க்காமலே, வெளியே இருந்தவள் நம்பினாள்.

“ஃபைஸல்தான் மிஸ்,” என்றான் றொபி தணிந்த குரலில். “தாஹிர் நானாவ மாட்டிவிடத் துடிச்சது அவர்தானே. காத்தாடியைப் போடுறதும் அவர். சட்டையைப் பாருங்க. இவ்வளவு பஞ்சுக்க நிண்டு ஒரு பூ ஒட்டாத சட்டை. கண்ணாடி அறைக்குள்ளயே இருக்கிறார். உள்ள என்ன நடக்குது எண்டு தெரிஞ்ச ஆள்.”

அக்கீலா, எல்லோரையும் இங்கே கூட்டி வரும்படி மட்டும் சொன்னார்.

வந்தார்கள். ஹாஜியார், ஃபைஸல், பையைக் கையில் பிடித்தபடி தாஹிர், வேம்படியில் இருந்த பெண்கள், என்ன கூட்டம் என்று றோசமேரி. றொபி மெதுவாக நகர்ந்து ஃபைஸலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். பார்ப்பதற்கு மெலிந்தவன்தான், ஆனால் சாகாமல் மூன்று குவளை விஷம் குடித்த தெம்பு இருந்தது. ஃபைஸல் பலகையை அண்ணாந்து பார்த்தார். முகம் வெளுத்தது. வாய் திறந்தது. றொபி அவருடைய கையை இறுக்கிப் பிடித்தான்.

“இந்தப் பலகையை அடிச்சது யார்?” என்று கேட்டார் அக்கீலா.

கேட்டுவிட்டுத் தன் அமைதிக்குள் போய்விட்டார். அலை வந்து போனது. ஒரு காகம் கருவாட்டுப் பந்தலில் வந்து உட்கார்ந்தது. அதை விரட்டக்கூட யாரும் அசையவில்லை.

“நான்தான்,” என்றார் ஹாஜியார்.

அவர் குரலில் பயம் இல்லை. ஒளித்து வைத்த நன்மை ஒன்று வெளிப்பட்டுவிட்ட கூச்சம்தான் இருந்தது.

“அயல்வாசிட ஹக்கு, அவங்கட உரிமை, பெரிய ஹக்கு. இந்தப் புள்ளட கருவாடு பாழாகுதுண்டு மதிலுக்கு மேலால அழுறது எனக்குக் கேட்டிச்சி. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சி வந்து நானே ஏணி வெச்சி அடிச்சன். செஞ்ச நன்மையச் செல்லித் திரியப்படாதுண்டுதான் ஒருத்தருக்கும் செல்லல்ல.”

றொபி தன் கையைப் பார்த்தான். அது இன்னும் ஃபைஸலின் கையைப் பிடித்திருந்தது. பிடித்த கையைச் சும்மா விடுவது மரியாதையில்லை என்று தோன்றவே, இரண்டு தரம் குலுக்கிவிட்டு விட்டான்.

அக்கீலா சொல்லவேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார். அவர் அவ்வளவு தொடர்ச்சியாகப் பேசி றொபி கேட்டதில்லை. வெள்ளி லீவு எடுத்தவர்களுக்குச் சனி, ஞாயிறு லீவு எடுத்தவர்களுக்குத் திங்கள். அஜித்தாவும் அவள் கூட்டாளிகளும் இஞ்சித் தேநீருக்கு ஒருபோதும் இருமியதில்லை, வெறுந்தேநீர் ஊற்றும் திங்கட்கிழமைதான் இருமினார்கள் என்பதை எடுத்துக்காட்டினார். நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூட்டத்தின் பின்னால் ரபியா நிமிர்ந்து நின்றாள். கடைசியாக, இந்தப் பருவத்தில் இங்கே புதிதாக வந்தவை இரண்டு என்றார். ஒன்று தாஹிர். மற்றது இந்தப் பலகை. முதலாவதை எல்லோரும் பார்த்தார்கள்; இரண்டாவது மதிலுக்கு அப்பால் இருந்தது.

ஹாஜியார் கேட்டு முடிக்கும்வரை நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏணியும் சுத்தியலும் கேட்டார். இந்த வயதில் ஏறவேண்டாம் என்று ஃபைஸல் தடுத்தார். அடித்தவன்தான் கழற்ற வேண்டும் என்று ஹாஜியார் ஏறினார். கடைசி ஆணி கழன்றதும் பல மாதத்துப் பஞ்சு ஒரேயடியாக அவர்மேல் கொட்டியது. தாடி எது, பஞ்சு எது என்று தெரியாமல் இறங்கி வந்தவரைப் பார்த்துச் சிரிப்பதா வேண்டாமா என்று எல்லோரும் தத்தளித்தார்கள். றோசமேரி மட்டும், தன் பந்தல்களை ஓடி ஓடி மூடிக்கொண்டே, அன்னம்மாள் மெழுகுதிரியை வாங்கிக்கொண்டு ஒரு ஹாஜியாரையா அனுப்பினாள் என்று வியந்துகொண்டிருந்தாள்.

ஹாஜியார் பஞ்சைத் தட்டவில்லை. நேரே தாஹிரிடம் போனார். அவர் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

“தம்பி, ஒரு தேத்தண்ணி ஊத்துங்க. எல்லாரும் பாக்கக் குடிக்கோணும்.”

அஸர் பாங்கு சொல்லும்போது அவர் குடித்துக்கொண்டிருந்தார்.

*

ஒரு மாதம் கழித்து, இன்னொரு சனிக்கிழமை முற்பகலில், இருவரும் மறுபடி கண்டக்குழிக்கு வந்தார்கள். மதிலுக்கு அப்பால் ஒரு புதுக்காட்சி. காற்றாடியின் வாயில், சாரத் துணியால் தைத்த பெரிய பை ஒன்று கட்டப்பட்டிருந்தது. காற்றாடி ஓட ஓட அது காற்றுப் போகவிட்டுப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு, விருந்து சாப்பிட்டவன் வயிறுபோல உப்பி நின்றது. நீலக் கட்டம். ஆலையே சாரம் உடுத்திவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. பை தைத்து முடியும்வரை றோசமேரியின் தாடி முளைத்த கருவாட்டையெல்லாம் ஹாஜியாரே வாங்கிக்கொண்டாராம். இன்னும் அவர் வீட்டில் அதுதான் கறி என்று ஃபைஸல் சொன்னார். ஃபைஸலின் சட்டையில் அங்கங்கே பஞ்சு ஒட்டியிருந்தது. இப்போது அவர் கண்ணாடி அறைக்குள் அதிகம் இருப்பதில்லை.

தாஹிர் கேத்தலோடு முற்றத்துக்கு வந்தார். பெண்கள் குவளையை நீட்டினார்கள். அங்கொன்று இங்கொன்றாக ஒரு இருமல், அவ்வளவுதான். எல்லோரையும் ஹாஜியார் வைத்தியரிடம் அனுப்பியிருந்தார். அதிக காலம் வேலை செய்த ரபியாவின் நெஞ்சு முழுவதும் பழையபடி ஆகாது, ஆனால் இத்தோடு நிற்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவளைப் பொதி உடைக்கும் அறையிலிருந்து எடுத்து, சாரம் மடிக்கும் பகுதிக்குப் பொறுப்பாக விட்டிருந்தார்கள்.

றொபி இஞ்சித் தேநீரின் முதல் மிடறை இழுத்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் எழுந்தது.

“தம்பி, உங்களுக்குக் கண் பிடரியிலயா இருக்கு, அண்டைக்கும் இந்த நூல் காயிற இடத்திலதான் கொண்டுவந்து விட்டீங்க, இண்டைக்கும் அதே இடத்திலதான் விட்டிருக்கிறீங்க, உங்கட ஓட்டோப் புகை பட்டா சிவப்பு நூல் கறுப்பாப் போகுமெண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்லையா, இல்லாட்டி சொல்லியும் ஏறல்லையா?”

இடையில் எங்கும் அறுபடாமல், ஒரே மூச்சில் வந்தது. ரபியா இடுப்பில் கை வைத்து நின்றாள். அடுத்த மூச்சும் தயாராக இருந்தது.

றொபி குவளையை வைத்துவிட்டு ஓட்டோவை எடுக்க எழுந்தான். அக்கீலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

“ஓட்டோ இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே நிக்கட்டும்,” என்றார் அவர். சிரித்துக்கொண்டிருந்தார்.